எட்டு ஐம்பதுக்கு நெட் நிற்கும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் தினமும் காலை எட்டு ஐம்பதுக்கு இன்டர்நெட் ஒரு நிமிஷம் நின்றுவிடும். பழுது ஒன்றும் இல்லை. சிஸ்டம்ஸ் பிரிவில் எனக்கு மேலே இருந்த ஒருத்தர் வேண்டுமென்றே நிறுத்துவார். "அக்கா மூடுறாங்க" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். பர்ச்சேஸில் இருப்பவர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது நெட் வந்திருக்கும். பதினைந்து வருஷமாக இப்படித்தான் என்று சொன்னார்கள்.

அக்கா மூடியது ஒரு ஃபைலை. எங்கள் ஆபீஸில் யார் எந்த வலைத்தளத்தைத் திறந்தாலும் அது ப்ராக்ஸி சர்வர் என்கிற ஒரே மிஷின் வழியாகத்தான் வெளியே போகும். எந்த கம்ப்யூட்டரிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தத் தளம் என்று அந்த மிஷின் வரி வரியாக எழுதி வைத்துக்கொள்ளும். அதற்கு லாக் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் ஊதிக்கொண்டே போய் டிஸ்க்கை அடைத்துவிடும். அதனால் அக்கா தினமும் ப்ராக்ஸியை நிறுத்துவார். நேற்றைய ஃபைலுக்குத் தேதி போட்டுப் பெயர் மாற்றித் தனியே எடுத்து வைப்பார். ப்ராக்ஸியை மறுபடி ஓடவிடுவார். புது ஃபைலில் முதல் வரி விழுகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். விழுந்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அதோடு விட்டிருந்தால் எனக்கு அவர்மேல் ஒன்றும் இருந்திருக்காது. எடுத்து வைத்த ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழே ஒரு ஓட்டம் பார்ப்பார். அரை மணி நேரம். வைரஸ் தளம் ஏதாவது இருக்கிறதா, எந்த மிஷின் அதிகம் இழுக்கிறது என்று பார்ப்பதற்காக. பார்க்கத்தான் வேண்டும், அது அவர் வேலை. ஆனால் அதன் பலன், நூற்று இருபது பேர் நேற்று ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு எதைத் தேடினார்கள் என்பது காலை ஒன்பதரைக்குள் அந்த ஒரு தலைக்குள் போய்விடும். போனது போனதுதான். வெளியே வந்ததாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகளைத் திருச்சியில் கட்டிக் கொடுத்திருந்தார். கோவில்பதாகை வீட்டிலிருந்து பஸ் பிடித்து ஆவடி, அங்கிருந்து ரயிலில் பட்டரவாக்கம், பிறகு லாரிகளுக்கு நடுவே நடை. மழையானாலும் எட்டரைக்கு ஆள் இருக்கும். மேசைமேல் ஒரு சர்ச் காலண்டர், ஒரு தண்ணீர் பாட்டில். யாராவது யாரைப் பற்றியாவது கதை பேச ஆரம்பித்தால், "அது அவங்க விஷயம்பா" என்று சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொள்வார். சிரிக்கக்கூட மாட்டார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அவர் பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டார் என்று நான் நண்பர்களிடம் கிண்டலடித்திருக்கிறேன்.

ஒரு சமயம் டிசைன் பிரிவில் வரிசையாக நான்கு பேர் வேலையை விட்டார்கள். மேனேஜருக்குக் கோபம். இன்னும் யாரெல்லாம் வேலை தேடும் தளங்களைப் பார்க்கிறார்கள் என்று அக்காவிடம் பட்டியல் கேட்டார். அக்கா சரி என்றார். இரண்டு நாள் பிரிண்டரை ஓடவிட்டு, மூன்று மாத லாக்கை அப்படியே பேப்பரில் எடுத்து, இரண்டு அட்டைப்பெட்டி நிறைய அவர் அறையில் கொண்டுபோய் வைத்தார். பேர் எங்கே என்று மேனேஜர் கேட்டதற்கு, மிஷின் நம்பரைத்தான் அது எழுதும் சார், பேரை எழுதாது என்றாராம். எந்த நம்பர் எந்த மேசை என்று அக்காவுக்கு மனப்பாடம். அது மேனேஜருக்கும் தெரியும். அந்தப் பேப்பரின் பின்பக்கத்தில் நாங்கள் ஒரு வருஷம் கணக்குப் போட்டோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்த கதை அது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை, மறக்கவும் இல்லை.

இன்னொரு சமயம் சிரிக்கிற மாதிரி இல்லை. டிஸ்பேட்சில் ஒருவர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஆன்லைன் ரம்மி ஆடிக்கொண்டிருந்தார். வீட்டில் நகைகள் எல்லாம் போன பிறகுதான் மனைவிக்குத் தெரிந்தது. ஒரு நாள் மதியம் அந்தப் பெண் கம்பெனி கேட்டுக்கு வந்து நின்றாள். யாரோ அவளிடம் எல்லாம் சிஸ்டம்ஸ் மேடத்துக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா கேட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?" என்று அவள் கேட்டாள்.

"தெரியும்மா. அது அவருதான் உங்கிட்ட சொல்லிருக்கணும்" என்றார் அக்கா.

அவள் ஒன்றும் திட்டவில்லை. இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. ஆனால் மறுநாள் எட்டு ஐம்பதுக்கு வழக்கம்போல மூடினார், வழக்கம்போலப் படித்தார். எனக்கு வெறுப்பாக இருந்தது. இவ்வளவு தெரிந்து வைத்துக்கொண்டு வாயில் கொழுக்கட்டையா என்று நினைத்தேன். இப்போதும் அந்த விஷயத்தில் அவர் செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியாது.

என் வெறுப்புக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. என் அப்பா அப்போது குடித்துக்கொண்டிருந்தார். பூந்தமல்லியில் எங்கள் தெருவே பார்க்கிற மாதிரி குடித்தார். வீட்டில் நெட் கிடையாது, என் போன் பழையது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் தேடுவேன். குடியை நிறுத்தும் மையம், சொல்லாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற மருந்து, கை நடுங்கினால் என்ன அர்த்தம். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து லாக்கைக் காட்டினார். ஓடிக்கொண்டிருந்த வரிகளில் என் மிஷின் நம்பர் வந்தது. ஒன்று, இரண்டு, ஏழெட்டு வரி. அக்காவின் விரல் அதே வேகத்தில் உருட்டிக்கொண்டு போனது. மூன்று மாதமாகப் படித்திருக்கிறார். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக லீவு கேட்டு, காய்ச்சல் என்று நான் எழுதிக் கொடுத்ததற்கெல்லாம் தலையைக்கூட நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நன்றி தோன்றியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுதிருப்பேன், கேட்காததால் அவமானமாக இருந்தது. அன்றிலிருந்து அந்த அரை மணி நேரம் எனக்கு நரகம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உருட்ட ஆரம்பித்தால் என் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

இந்த வேலையை மனுஷர் செய்ய வேண்டியதில்லை என்று அவரிடம் சொன்னேன். ஸ்கிரிப்ட் என்கிற சின்ன புரோகிராம் ஒன்று எழுதி வைத்தால் தினமும் தானாகவே நடக்கும், பழைய ஃபைலைச் சுருக்கி ஓரமாக வைத்துவிடும், நெட் ஒரு நொடிகூட நிற்காது, யாரும் எதையும் திறந்து பார்க்க வேண்டாம். திறமை, நேரம், செலவு என்றெல்லாம் பேசினேன். யாரும் பார்க்க வேண்டாம் என்பதற்காக மட்டும்தான் இவ்வளவு பேச்சும் என்று நான் சொல்லவில்லை.

அக்கா பொறுமையாகக் கேட்டார். தானாக ஓடட்டும், தப்பில்லை, ஆனால் முதல் வரி விழுந்ததா என்று தினமும் ஒரு ஆள் பார்த்தாக வேண்டும், அதற்கு வழி சொல்லிவிட்டு எழுது என்றார். தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். இருபத்து நாலு வயதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

அப்போதுதான் திருச்சியில் மகளுக்குப் பிரசவ நேரம். அக்கா இரண்டு வாரம் லீவு போட்டார், வேலை நாள் கணக்கில் பன்னிரண்டு. போகும்போது ஒரு செக் ஷீட்டை என் கையில் கொடுத்தார்.

எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு செக் ஷீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்ரஸருக்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று சுவரில் தொங்கும். தினமும் பார்த்து டிக் போட வேண்டும். எவனும் தினமும் போடுவதில்லை. ஆடிட் வருவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து மாதம் முழுக்க ஒரே மூச்சில் நிரப்புவார்கள். ஒரே பேனாவில் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பேனாவை மாற்றி மாற்றிப் போடுவார்கள். அதற்கென்றே மேசையில் மூன்று பேனா வைத்திருந்த சூப்பர்வைசர்களை எனக்குத் தெரியும். அக்காவின் ஷீட் மட்டும்தான் உண்மையிலேயே தினமும் நிரம்பும். ஒன்பது வேலைகள், ஒன்பதாவது முதல் வரி பார்த்தது. கீழே செய்தவர் கையெழுத்து, அதற்கும் கீழே சரிபார்த்தவர் கையெழுத்து. செய்தவர் இடத்தில் நான் போட வேண்டும், சரிபார்த்தவர் இடத்தில் அவர்.

அவர் ரயில் ஏறிய அன்றே என் ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். எட்டு ஐம்பதுக்கு நெட் நிற்கவில்லை. டீ குடிக்கப் போக எழுந்தவர்கள் குழம்பி நின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஷீட்டை எடுத்து, நூற்று எட்டு டிக்கையும் பத்து நிமிஷத்தில் போட்டேன். நீலம் இரண்டு, கறுப்பு ஒன்று.

நான் செய்த தப்பு இதுதான். எழுதிக்கொண்டிருக்கிறவனின் நோட்டை உருவிக்கொண்டு புது நோட்டை வைத்தால், இனிமேல் இதில் எழுது என்று அவனிடம் சொல்ல வேண்டும். அக்கா ப்ராக்ஸியை நிறுத்தி மறுபடி ஓடவிட்டதெல்லாம் அதற்காகத்தான். நான் சொல்லவில்லை. ப்ராக்ஸி பன்னிரண்டு நாளும் பழைய நோட்டிலேயே எழுதிக்கொண்டிருந்தது. அந்த நோட்டையோ என் ஸ்கிரிப்ட் முதல் நாளே சுருக்கி வைத்துவிட்டு அழித்துவிட்டது. அழித்த ஃபைலும் ப்ராக்ஸி கையை விடுகிறவரை உயிரோடு இருக்கும், அதனால் பெயரில்லாத, யாருக்கும் தெரியாத ஒரு ஃபைல் உள்ளே ஊதிக்கொண்டே போனது. கடைசி நாள் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்தபோதாவது எதனால் என்று தேடியிருக்கலாம். மிஷினை அணைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது. பன்னிரண்டு நாள் எழுத்தும் அந்த ஒரு அணைப்பில் காற்றோடு போனது. எடுத்து வைத்த ஃபைல்களில் தேதி மட்டும் அழகாக இருந்தது, உள்ளே ஒரு எழுத்து இல்லை. நான் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

அக்கா திரும்பி வந்த காலையில் இனிப்புப் பெட்டியோடு வந்தார். மகளுக்குப் பெண் குழந்தை. தினமும் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். ஷீட்டை நீட்டினேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிற அந்த அம்மாள், அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பதினைந்து வருஷத்தில் அந்த ஒரு தடவை.

பிறகு மிஷினைத் திறந்தார். பத்து நிமிஷத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஸ்கிரிப்டின் தலையில் என் பெயரையும் தேதியையும் நானே கொட்டை எழுத்தில் போட்டு வைத்திருந்தேன். அவர் அதைப் படித்துக்கொண்டிருந்ததை நான் பின்னால் நின்று பார்த்தேன். திரும்புவார், ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

வாடிக்கையாளர் ஒருவரின் டிராயிங் வெளியே போயிருந்தது. எங்கள் ஆபீஸிலிருந்து எவனோ ஏதோ ஒரு தளத்தில் ஏற்றியிருக்கிறான். கடந்த இரண்டு வார லாக் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மேனேஜருக்கு முன்னால் அக்கா கொண்டுவந்து வைத்த காலி ஃபைல்களின் பட்டியலும் செக் ஷீட்டும் இருந்தன. நானும் அக்காவும் எதிரே நின்றோம்.

பன்னிரண்டு நாளும் எப்படிக் காலியானது என்று அக்காவைக் கேட்டார். ஷீட்டில் என் கையெழுத்து இருக்கிறது சார், பார்க்காமல் போட்டது என் தப்பு என்றார் அக்கா. மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"நீ டெய்லி பண்ணியா?"

"பண்ணேன் சார்."

"அப்ப ஃபைல்ல டேட்டா இருந்துச்சா?"

இல்லை, பார்க்கவில்லை, தெரியாது. இந்த மூன்றில் எதைச் சொல்லியிருந்தாலும் போதும்.

"இருந்துச்சு சார்."

அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நேற்று வரை இருந்தது, இன்று காலை அக்கா உட்கார்ந்த பிறகு காலியாகியிருக்கிறது. மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரைக் காப்பாத்துறீங்க? அன்னிக்கு லிஸ்ட் கேட்டப்பவும் ரெண்டு பெட்டி பேப்பரைக் கொண்டாந்து வெச்சீங்க" என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. கோபம் எதுவும் தெரியவில்லை. புது ஃபைலில் முதல் வரி விழுவதற்காகத் திரையைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். நான் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் மேனேஜரிடம், நான் அழிக்கவில்லை சார் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அறையைவிட்டு வந்த உடனே நான் செய்த முதல் வேலை, அந்த ஸ்கிரிப்டை அழித்தது.

மாலைக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். போலீசுக்குப் போகாமல் விடுவதே பெரிசு என்று பேசிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் வேலை பார்த்தவரின் கைப்பையை கேட்டில் செக்யூரிட்டி கொட்டிப் பார்த்தார். டிபன் பாக்ஸ், குடை, சர்ச் காலண்டர். ஆபீஸில் பாதிப் பேர், யாரையோ காப்பாற்றத்தான் அழித்திருக்கிறார் என்று நம்பினார்கள், இன்னும் நம்புகிறார்கள். அவருடைய வாய்தான் பூட்டிய வாயாயிற்றே. டிராயிங்கை அனுப்பியது யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

மூன்று மாதம் தூக்கம் இல்லாமல் கழித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கோவில்பதாகைக்குப் போனேன். தெருவில் மழைத் தண்ணீர் தேங்கி, செங்கல் போட்டு நடந்துகொண்டிருந்தார்கள். அக்கா சர்ச்சுக்குக் கட்டிப்போன புடவையிலேயே இருந்தார். வாப்பா என்றார். டீ போட்டுக் கொடுத்தார். புது வேலை கிடைக்கவில்லை, போன இடமெல்லாம் பழைய கம்பெனிக்குப் போன் போட்டு விசாரிக்கிறார்கள், அதோடு சரி என்றார். யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னார்.

"அப்பா இப்ப எப்படி கீறாரு? நிறுத்திட்டாரா?" என்று கேட்டார்.

அப்பாவைப் பற்றி அவரிடம் நான் ஒரு நாளும் பேசியதில்லை. நிறுத்திவிட்டார் என்றேன். நல்லது என்றார். இனிமேல் கேட்கலாம் என்று நினைத்திருப்பார் போல.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். அன்றைக்கு அந்த அறையில் என்னைக் காட்டிக் கொடுக்காமல் காப்பாற்றினீர்கள், உயிர் இருக்கிறவரை மறக்க மாட்டேன், நன்றி சொல்லத்தான் வந்தேன் என்றேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"உன்னை யாருப்பா காப்பாத்துனது?" என்றார். "அது நீ சொல்ல வேண்டியது. அவரு கேட்டப்ப சொல்லுவன்னு பாத்தேன். லெட்டர் எழுதறப்ப வந்து சொல்லுவன்னு பாத்தேன். கேட்டாண்ட பையக் கொட்டறப்பகூட நீ மேல ஜன்னல்ல நின்னுகினு இருந்த. இப்ப எறங்கி வருவன்னு பாத்துகினுதான் இருந்தேன்."

"இப்ப சொல்றேன் அக்கா. நான்தான்."

"எங்கிட்ட எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே. போயி அவராண்ட சொல்லு."

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மீதி டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. வாசல் வரை வந்து, அந்த மூன்றாவது செங்கல் ஆடும், பார்த்துக் காலை வை என்றார்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அறைக்கு நேராகப் போனேன். என்னப்பா என்றார். சர்வருக்குப் புது டிஸ்க் வாங்க வேண்டும் சார் என்றேன். கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ திங்கட்கிழமை வந்து போயிற்று. இப்போது அக்காவின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்கிரிப்டை மறுபடி எழுதி, விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன். லாக் தானாகவே மூடுகிறது, தானாகவே திறக்கிறது.

இந்தச் சொற்சித்திரத்தில் அவர் பெயரை நான் எழுதாததை மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு இடத்தில் எழுதி அழித்தேன். பெயரைப் போட்டால் அது எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும், படிக்கிற யாராவது மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுவார்கள். நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.